இழையை அறிந்து இயந்திரத்தைத் தொடுவோம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிற் சிலர் பட்டணத்துத் தங்கும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவுப் பணிக்குச் செல்கின்றனர். தரையில் விரித்த கம்பளங்களைச் சுத்தம் செய்யும் வேலையும் அவற்றுள் ஒன்று. அழுக்கைத் துடைக்கும் வேலைதானே, இதற்குப் படிப்பு எதற்கு என்று நினைப்போர் உண்டு. அந்த எண்ணம் தவறாகும். பால் மரத்தில் கத்தி அளவுக்கு மீறி ஆழ்ந்து போனால் பட்டை காயம்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி விடுவதை நாம் அறிவோம். கம்பளமும் அத்தகையதே. தவறான மருந்து ஒரு நிமிடத்தில் செய்யும் கேட்டை எந்தக் கைத்திறனும் மாற்றாது. ஆகவே, கம்பளம் எந்த இழையால் ஆனது என்று அறிந்த பின்னரே அதில் கைவைத்தல் வேண்டும்.

அறிவது எப்படி? முதலில் கம்பளத்தின் அடியில் உள்ள சீட்டைப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும். அப்படியும் தெரியாவிடில், அனுமதி பெற்று, மறைவான ஓரத்திலிருந்து இரண்டொரு நூலை எடுத்து, திறந்த வெளியில், இடுக்கியால் பிடித்து, உலோகத் தட்டின் மேல் கொளுத்திப் பார்க்கலாம். ஆட்டு உரோமக் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். நெருப்பை அகற்றியதும் அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். விஸ்கோஸ் அல்லது பருத்தி என்றால் காகிதம் போல் எரியும். நைலான், பாலியெஸ்டர், பாலிபுரோபிலீன் ஆகிய செயற்கை இழைகள் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். இம்மூன்றில் பாலிபுரோபிலீனைப் பிரித்தறிவது எளிது. நூலை நீரில் அமிழ்த்திக் காற்றுக் குமிழ்களை நீக்கிவிட்டால் அது மிதக்கும். மற்ற இரண்டும் மூழ்கும்.

இனி, மருந்தைப் பற்றிச் சொல்வோம். பால் உறையாதிருக்க அமோனியா கலக்கிறோம். உறைய வைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். முன்னது காரம், பின்னது அமிலம். இந்த வேறுபாட்டை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் மருந்துகள் பெரும்பாலும் காரமானவை. செயற்கை இழைகள் அவற்றைப் பெரும்பாலும் தாங்கும். கம்பளியோ கடுங்காரத்தால் நலியும். குளோரின் வெளுப்புநீர் பட்டால் கம்பளி கரைந்தே போகும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். நைலான் வலுவானது, எனினும் மஞ்சள், காப்பி போன்றவற்றின் கறையை எளிதில் ஏற்கும். பாலிபுரோபிலீன் நீரை உறிஞ்சாது. ஆனால் எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். எந்த இழையாயினும் முதலில் மறைவான மூலையில் சிறிது மருந்திட்டு, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் தீராவிடில், கம்பளிக்குரிய மென்மையான மருந்தையே குறைந்த நீருடன் கையாள்வது நன்று.

வெளுப்புநீரை அமிலத்துடனோ அமோனியாவுடனோ ஒருபோதும் கலக்கலாகாது. எழும் நச்சுக்காற்று உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்து, இயந்திரங்கள். நீர் தொடுமுன் தூசி உறிஞ்சியால் உலர்ந்த மண்ணை நன்றாக எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது சேறாகும். வெந்நீர் தெளித்து உறிஞ்சும் இயந்திரத்தை ஒருமுறை தெளித்து இழுத்தால், தெளிக்காமல் இருமுறை இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும். நீர் மிகுந்தால் அடிப்புறச் சணலின் பழுப்பு நிறம் மேலேறும், பூஞ்சணமும் பிடிக்கும். தரையில் சுழலும் தூரிகை இயந்திரத்தைப் புதியவர்கள் முரட்டு மாடு போல் மல்லுக்கட்டி அடக்க முயல்வர். பலம் தேவையில்லை. கைப்பிடியை இடுப்பளவில் வைத்துத் தொடங்கி, சற்றே உயர்த்தினால் வலப்பக்கமும், தாழ்த்தினால் இடப்பக்கமும் அது தானே நகரும். மின்கம்பியைத் தோளின் மேல் பின்புறமாக விட வேண்டும். ஈரக்கையால் செருகியைத் தொடலாகாது. தூரிகை மாற்றுமுன் செருகியைக் கழற்ற வேண்டும். கம்பியின் உறை கிழிந்த இயந்திரத்தை இயக்கலாகாது.

இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமையாகும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பயிற்சியும் பாதுகாப்பும் அளிக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. அளித்த காப்புச் சாதனங்களை அணியும் கடமையைத் தொழிலாளிக்கு விதிக்கிறது. அபாயமான இரசாயனங்களின் குறிப்புச்சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு விதி. அதைப் படியாமல் மூடியைத் திறவாதீர். கம்பளம் கெட்டது என்று முதலாளி தம் விருப்பம் போல் சம்பளத்தைப் பிடிக்கவும் இயலாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்கள் மட்டுமே செல்லும். ஐயமிருப்பின் தொழில் இலாகாவை நாடலாம்.

பெற்றோர்களே, வேலைக்குப் புறப்படும் பிள்ளையிடம், "தெரியாததைக் கேள், கேட்பதில் வெட்கமில்லை" என்று சொல்லி அனுப்புங்கள். முதல் நாள் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வி அவன் வேலையையே பறிக்கக்கூடும். கேட்ட கேள்வி அவனைத் தேர்ந்த தொழிலாளியாக்கும். கத்தி பிடித்து மரத்தைக் காத்த கைகளின் வழிவந்தவர்கள் எந்தத் தொழிலிலும் பேர் பெறுவார்கள் என்பது நம் உறுதி.