முழுப் பல்செட்டும் மெல்லும் பழக்கமும்



நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் நொறுக்குவதற்குப் பல்லே இல்லாத முதியோர் எல்லாக் கிராமங்களிலும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் பல்செட்டு கட்டிக்கொண்டும், சில நாட்களிலேயே அதைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பிவிடுகின்றனர். செலவும் வீண்; உடலும் மெலிகிறது. இதற்குக் காரணம் யாது, இதைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இயற்கைப் பல் தாடை எலும்பில் வேரூன்றி நிற்பது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கடிபடும் பொருள் கடினமானதா, மென்மையானதா என்பதை அதிலுள்ள நரம்புகள் அக்கணமே மூளைக்கு அறிவிக்கின்றன. சோற்றில் சிறு கல் அகப்பட்டதும் வாய் சட்டென நின்றுவிடுவது இதனால்தான். பல் போனதும் இச்சவ்வும் போய்விடுகிறது. பொய்ப்பல்லோ ஈற்றின்மேல் அமர்ந்திருப்பது. வேர்விட்ட மரத்துக்கும் மண்ணின்மேல் வைத்த கட்டைக்கும் உள்ள வேற்றுமை இது. ஈறு அதிகப் பாரம் தாங்காது. ஆகவே முழுப் பல்செட்டு அணிந்தவரின் கடிக்கும் பலம், இயற்கைப் பல் உடையவரின் பலத்தில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே ஆகும். அதே கவளத்தை மெல்ல அவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வீட்டார் இதை உணர்ந்து, அவரைச் சாப்பாட்டில் அவசரப்படுத்தலாகாது.

இனித் தாடையின் அசைவைப் பார்ப்போம். மேல்தாடை அசைவதில்லை. கீழ்த்தாடை, காதுக்கு முன்னுள்ள மூட்டில் கதவுபோல் திரும்புவதோடு, முன்னும் பக்கங்களிலும் நகரவும் செய்கிறது. அது எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதைப் பற்களே காட்டி வந்தன. அவை போனபின் தாடை அளவுக்குமேல் மூடுகிறது. மூக்கும் முகவாயும் நெருங்குகின்றன. பல் வைத்தியர் மெழுகுக் கட்டையை வைத்துப் பலமுறை வாயை மூடித் திறக்கச் சொல்வது, இழந்த அந்த நிலையை அளந்தறியவே. அளவு கூடினால் பேசும்போது பற்கள் மோதும், தசைகள் களைக்கும். குறைந்தால் மெல்லும் பலம் குன்றும். ஆதலால் அங்கே பொறுமை அவசியம்.

மேல் செட்டு அண்ணத்தை மூடி, உமிழ்நீரின் துணையால் ஒட்டிக்கொள்கிறது. கீழ்ச் செட்டு லாட வடிவமுடையது. தாங்கும் பரப்பு குறைவு. நாக்கு அசையுந்தோறும் அதுவும் அசையும். நாக்கும் கன்னமும் அதை அணைத்து நிறுத்தப் பழகுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். பலர் கைவிடுவது இந்த வாரங்களில்தான்.

முதல் நாட்களில் குழைந்த சோறு, பருப்பு, கீரை மசியல், இட்லி போன்றவற்றைச் சிறு கவளமாக உண்ண வேண்டும். நுகத்தின் இருபுறமும் மாடு பூட்டினால்தான் ஏர் நேராகச் செல்லும். அதுபோல உணவை இருபுறமும் பகிர்ந்து மெல்ல வேண்டும். ஒருபுறமே மென்றால் மறுபுறம் தூக்கும். கரும்பு, முறுக்கு, கொய்யா ஆகியவற்றை முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டு பின்புறம் பெயரும். பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் இட வேண்டும். கொதிநீர் கூடாது, வடிவம் கெடும். ஈறு புண்ணானால் வைத்தியரிடம் செல்லுங்கள். வீட்டில் அரம்கொண்டு ராவாதீர்கள்.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். பல் எடுத்தபின் தாடை எலும்பு கரைந்துகொண்டே வரும். முதல் ஆண்டில் கரைவு அதிகம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். இன்று பொருந்திய செட்டு சில ஆண்டுகளில் தளரும். அப்போது உட்புறத்தைப் புதுப்பிக்கவோ, புதிது செய்யவோ வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவசப் பல் முகாம் நடத்துவதோடு கடமை முடிந்ததாகக் கருதாதீர்கள். செட்டு பெற்றவர்களைச் சில நாட்கள் கழித்து மீண்டும் வைத்தியர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கழற்ற இயலாதபடி ஈற்றோடு பல்லை ஒட்டிவிடும் தெருவோர ஆசாமிகளிடம் எவரும் ஏமாறாதபடி கிராம சபையில் எடுத்துச் சொல்லுங்கள். 1953-இல் சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. பயிற்சி பெற்ற வைத்தியர்கள் இன்று மாவட்டங்களிலும் இருக்கின்றனர். அவர்களை நாடுவதே முறை.

உழைத்து நம்மை வளர்த்தவர்கள் முதுமையில் ஒரு கவளம் சோற்றை நிம்மதியாக மென்று உண்ண வேண்டும். அதற்கு வழி செய்வதும் கிராமப் பணியே.