மரப்பாச்சியும் மூழ்கிய கப்பலும்

போன நவராத்திரிக்கு எங்கள் அபிராமபுரம் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கொலு வைப்பதற்கு முதல் நாள் மரப்பாச்சி ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். கட்டடக் கலை படிக்கிற என் அக்கா பேரன் வந்தான். "தாத்தா, ராஜாவை அரை மணி நேரம் கடன் கொடுங்க" என்று தூக்கிக்கொண்டு போனான். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் ராஜாவை நிற்கவைத்து, செல்போனால் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். எண்பது படமாவது இருக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனான்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் நிற்பது எங்கள் ராஜா இல்லை. வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

தப்பு என்னுடையது. எண்ணெய்ப் பளபளப்பு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், ஊசிக்கண் எங்கே இருக்கிறதென்று பிடிபடாது. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியை இரண்டு கோணத்தில் பார்த்தால்தான் தூரம் தெரியும். கம்ப்யூட்டர் செய்வதும் அதையேதான். இந்தப் படத்தில் தெரிகிற கீறல் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பொருத்தி, லட்சக்கணக்கான புள்ளிகளை அந்தரத்தில் நிறுத்துகிறது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. ஆனால் பளபளப்பு ஓர் இடத்தில் நிற்காது. நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும்.

ராஜாவுக்கு எண்ணெயைத் துடைத்து, கொஞ்சம் பவுடர் பூசி, காலடியில் பழைய செய்தித்தாளை விரித்து மறுபடி எடுத்தான். பக்கத்தில் என்னுடைய பழைய ஸ்டீல் ஸ்கேலையும் வைத்தான். அது இல்லாவிட்டால் படத்தில் இருப்பது அரையடி பொம்மையா, ஆறடி சிலையா என்று கணக்குக்குத் தெரியாதாம். இந்தத் தடவை வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் போர்டு முன்னால் நின்று பிழைத்தவன் நான். அறுபது வருஷமாக அந்தப் பொம்மையைத் துடைக்கிறேன். ராஜாவின் வலது தோள் இடது தோளைவிட இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இந்த வித்தைக்குப் பெயர் ஃபோட்டோகிராமெட்ரி. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கடலில் போன டச்சு வணிகக் கப்பல்களை இதே வித்தையைக் கொண்டுதான் இப்போது மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். கப்பலைத் தூக்கி வருவதில்லை. அதன் வடிவத்தை மட்டும் எடுத்து வருகிறார்கள்.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியமில்லை. எங்கள் தெருவிலிருந்து வண்டி எடுத்து வடக்கே போனால் பழவேற்காடு. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை முழுவதுக்கும் அதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். தெற்கே போனால் கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690-இல் தலைமையையும் அங்கே மாற்றினார்கள். வாங்கியது பெரும்பாலும் துணி. நம் ஊர்ச் சாயத் துணி ஜாவாவுக்குப் போய் மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. அவர்கள் கோட்டை இடிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கல்லறைகளைப் பார்க்கலாம்; பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். இத்தனைக்கும் காரணமான கப்பல் மட்டும் கரையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சரி, கப்பல் இல்லை. அதன் வரைபடமாவது இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என்னைப் போன்ற டிராஃப்ட்ஸ்மேனுக்கு நெஞ்சு அடைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கப்பல் தச்சர்கள் பெரும்பாலும் வரைபடமே போடாமல் கட்டியவர்கள். ஏராக்கட்டையை வைத்து, அதன் இரண்டு பக்கமும் அடிப்பலகைகளை முதலில் பரப்புவார்கள். உள்ளே விலா எலும்பு போல வளைந்த கட்டைகள் பிறகுதான் வரும். நடுவில் பலகைகள் விலகாமல் இருக்கச் சின்னச் சின்னக் கட்டைத் துண்டுகளை ஆணியடித்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் துண்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஆணி ஓட்டைகளில் மெல்லிய மரக்குச்சியைச் செருகி அடைப்பார்கள். இன்றைக்கு மூழ்கிய பலகையில் அந்தக் குச்சி முனைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், 'இது ஹாலந்துப் பக்கத்துக் கைவேலை' என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். நிகோலாஸ் விட்சன் என்பவர் 1671-இல் கப்பல் கட்டும் முறையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அவரும் தச்சர் இல்லை; பிற்பாடு ஆம்ஸ்டர்டாம் மேயராக இருந்தவர். தச்சர்கள் எழுதியது அபூர்வம்.

எனக்கு இது புதிதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் கடலூர் முதுநகரில் மரப்படகு கட்டும் இடத்துக்குப் போயிருந்தேன். "டிராயிங் எங்கே மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் மண்ணிலிருந்து ஒரு பலகைத் துண்டைக் காலால் நெம்பி எடுத்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தார். அணியத்தின் வளைவுக்கு வெட்டிய மாதிரிப் பலகை. பின்பக்கம் பென்சிலில் நான்கு எண். "இதான் சார் டிராயிங்" என்றார். அந்தப் பலகை அடுப்புக்குப் போனால் அந்தப் படகின் கணக்கும் போச்சு.

டச்சுக்காரர்களின் சரக்குக் கப்பலில் ஃப்ளூட் என்று ஒரு வகை உண்டு. பேரிக்காய் மாதிரி, அடிவயிறு பெருத்து மேல்தளம் ஒடுங்கி இருக்கும். ஏன் இந்த உடம்பு? பால்டிக் கடலுக்குள் நுழைய டென்மார்க் அரசருக்குச் சுங்கம் கட்ட வேண்டும். மேல்தளத்தின் அளவைப் பார்த்து வரி போட்டார்கள், அதனால்தான் மேலே ஒடுக்கிவிட்டார்கள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். வரிக்கு ஏற்றபடி கட்டடம் கட்டுகிற சாமர்த்தியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது. ஆட்களும் குறைவாகப் போதும், சரக்கும் நிறையப் பிடிக்கும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு வாணிபத்தில் பெரும்பங்கைச் சுமந்த வயிறு அது. அதன் சரியான வளைவு என்ன என்று கேட்டால், கடலடியில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1659 என்ற ஒரே வருஷத்தில் மூழ்கிய இரண்டு டச்சுக் கப்பல்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று உலகத்தின் வட முனைப் பக்கம். இன்னொன்று நமக்குப் பக்கத்து வீட்டில்.

முதல் கப்பலின் பெயர் மெல்க்மேய்ட். பால்காரப் பெண் என்று பொருள். ஐஸ்லாந்தில் வணிகம் செய்கிற உரிமை டென்மார்க் அரசர் கையில் இருந்தது. இந்தக் கப்பல் டென்மார்க் கொடியைக் கட்டிக்கொண்டு திருட்டு வியாபாரத்துக்குப் போனது. அக்டோபர் 16-ஆம் தேதி ஃப்ளாட்டே என்ற குட்டித் தீவை ஒட்டிப் புயலில் மூழ்கியது. பதினைந்து பேரில் ஒருவர் இறந்தார். மற்றவர்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைப் பற்றிக்கொண்டு இரண்டு நாள் கிடந்து தப்பினார்கள். 1992-இல் உள்ளூர் முக்குளிப்பவர்கள் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். 2016-இல் ஆய்வாளர்கள் இறங்கிப் படம் படமாக எடுத்தார்கள். அடிப்பகுதி அப்படியே இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்கார்த்தி அதை முப்பரிமாணத்தில் உருவாக்கினார். கப்பல் மூழ்கி 360 வருஷம் ஆன 2019-இல், கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அந்தக் குளிர் நீருக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. நனையாமல்.

அழகான விஷயம். ஆனால் இங்கே எனக்கு ஒரு வழக்கு உண்டு. கடலடியில் இருப்பது அடிப்பகுதி மட்டும். மேல்தளம், பாய்மரம், கயிறு எல்லாம் போய்விட்டது. அவற்றை அந்தக் காலத்து ஓவியங்கள், கப்பல் பொம்மைகள், மற்றக் கப்பல்களின் அளவுகள் இவற்றிலிருந்து ஊகித்துத்தான் போட வேண்டும். எங்கள் டிராயிங் ஆபீஸில் கண்ணுக்குத் தெரியாத பாகத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டுவோம். முழுக்கோடு போட்டால் மேலதிகாரி காகிதத்தை மூஞ்சியில் எறிவார். கம்ப்யூட்டர் படத்தில் எல்லாமே முழுக்கோடு. அளந்த பலகையும் ஊகித்த பலகையும் ஒரே பளபளப்பில், ஒரே மரநிறத்தில் நிற்கும். நல்ல ஆய்வாளர்கள் ஊகித்ததை வேறு நிறத்தில் காட்டுகிறார்கள். அதே படம் தொலைக்காட்சிக்குப் போகும்போது அந்த நிறம்தான் முதலில் காணாமல் போகிறது.

கப்பல் பொம்மை என்றேன் அல்லவா? ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அந்தக் காலத்துப் பொம்மைக் கப்பல்கள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றையும் இப்படியே படமெடுத்து, மூழ்கிய கப்பலின் வளைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வார்னிஷ் பளபளப்பும் நூல் போன்ற கயிறுகளும் அங்கேயும் தொல்லை. எங்கள் ராஜாவுக்கு வந்த அதே வியாதி.

முழு அளவில் நிஜக் கப்பலே கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1629-இல் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே பவளத்திட்டில் மோதி உடைந்த படேவியா என்ற டச்சுக் கப்பலை, நெதர்லாந்தின் லெலிஸ்டாட்டில் பத்து வருஷம் உழைத்துப் புதிதாகக் கட்டி 1995-இல் நீரில் இறக்கினார்கள். பார்க்க வேண்டிய பொருள்தான். ஆனால் கட்டி முடித்த பிறகு 'பின்பக்கம் ஒரு சாண் அகலம் கூட இருந்திருக்க வேண்டும்' என்று தெரிந்தால் என்ன செய்வது? கம்ப்யூட்டரில் என்றால் ராத்திரி மாற்றி, காலையில் எத்தனை மூட்டை ஏற்றினால் எவ்வளவு அமிழும், எந்தச் சாய்வில் கவிழும் என்று பார்த்துவிடலாம்.

இனி பக்கத்து வீட்டுக் கதை. இலங்கையில் காலி துறைமுகம். 1659 ஜூலை 2. அவொண்ட்ஸ்டெர், அதாவது அந்தி வெள்ளி, நங்கூரம் நழுவிக் கரையோரம் போய் உட்கார்ந்து உடைந்தது. இந்தியாவுக்குப் பாக்கு ஏற்ற நின்ற கப்பல். ஆமாம், கொட்டைப் பாக்கு. இலங்கைப் பாக்கு நம் கரைக்கு வரும். இங்கிருந்து துணியும் அரிசியும் போகும். தாம்பூலத் தட்டுக்காக நின்ற கப்பல் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஆங்கிலேயர் கட்டிய ஜான் அண்ட் தாமஸ் அது. 1653-இல் டச்சுக்காரர்கள் பிடித்துப் பெயர் மாற்றினார்கள். ஆக, ஒரே உடம்பில் இரண்டு நாட்டுக் கைவேலை.

1993-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சில மீட்டர் ஆழம்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரம். 2001-லிருந்து இலங்கை, நெதர்லாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து தோண்டி அளந்தார்கள். ராபர்ட் பார்தேசியஸ் என்ற ஆய்வாளர் முன்னின்றார். இலங்கை இளைஞர்கள் முக்குளித்து அளவெடுக்கப் பழகினார்கள். இன்றைய செல்போன் வசதியெல்லாம் அப்போது ஏது? கலங்கிய தண்ணீரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, நனையாத தாளில் பென்சிலால் குறித்தார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை நம் பட்டினப்பாக்கத்துக்கு வந்த அதே சுனாமி அலை காலிக்கும் போனது. கரையில் இருந்த கடல் அகழாய்வுப் பிரிவின் கட்டடத்தையும் ஆய்வகத்தையும் வாரிக்கொண்டது. முந்நூற்று நாற்பது வருஷம் கழித்து வெளியே எடுத்த பொருட்களில் பல மறுபடி கடலுக்கே போயின. மண்ணுக்கடியில் கிடந்த கப்பலுக்குப் பெரிய சேதமில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று கரைக்குக் கொண்டுவந்ததுதான் போனது.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, அளவெடுத்து வைப்பதை வேடிக்கை என்று நான் நினைப்பதில்லை. பூம்புகாருக்கு எதிரே கடலில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஓர் ஐரோப்பியக் கப்பலின் சிதைவைப் பார்த்திருக்கிறார்கள். பிளாக்கெட் என்று பெயர் பொறித்த ஈயக் கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தது. மூழ்கியது இருக்கட்டும், மூழ்காததே நமக்கு நிறைய இருக்கிறது. கடலூர் மேஸ்திரி காலால் நெம்பி எடுத்தாரே, அந்த மாதிரிப் பலகையை ஒரு பையன் செல்போனில் நாற்பது படம் எடுத்தால் போதும். பக்கத்தில் மறக்காமல் ஒரு ஸ்கேல்.

எங்கள் ராஜா விஷயத்துக்கு வருகிறேன். நிற்கவைத்துப் படம் எடுத்ததால் பாதத்தின் அடிப்பக்கம் எந்தப் படத்திலும் விழவில்லை. கம்ப்யூட்டர் அதைத் தன்னிஷ்டத்துக்கு வழவழவென்று மூடிவிட்டிருந்தது. நான் பொம்மையைக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் தச்சர் ரம்பத்தால் அறுத்த வரி வரியான தடம். "அப்போ மறுபடி எடுக்கட்டுமா தாத்தா?" என்றான். கொலுவுக்கு நேரமாகிவிட்டது, ராஜா படியேற வேண்டும் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் சாம்பல் நிறம் பூசி வைத்தான். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.