தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும், மாதர் சங்கத்தினரும், லொறி, ட்ரெக்டர் சாரதிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்று ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். இது டிரைவர்மாருக்கு உள்ள பேச்சு, நமக்கு என்ன என்று யாரும் எழும்பிப் போய்விட வேண்டாம். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஒருவர்தான். லொறிப் பெட்டியில் நின்றுகொண்டு போவது நாற்பது பேர். பாதை முனையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது நம்முடைய பிள்ளைகள். ஒரு பிழை நடந்தால் யார் வீட்டில் அழுகை என்பது உங்களுக்குத் தெரியும்.

அட்டனிலிருந்து தலவாக்கலை, நுவரெலியா போகிற வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீதி நெடுகிலும் எத்தனை தோட்டத்துப் பாதைகள் வந்து ஏறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அநேகமானவை வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டிக்கும் ஆளுக்கும் போட்ட பாதைகள். ஒன்று செங்குத்தாக மேலே ஏறி வந்து ரோட்டில் முட்டும். இன்னொன்று வளைவுக்குள் ஒளிந்து கிடக்கும். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் மண்மேடு, நடுவில் மானாப்புல். இந்த வாயிலால்தான் ஐந்தாறு தொன் பாரத்தோடு கொழுந்து லொறி ஒரு நாளைக்கு மூன்று தரம் போய் வருகிறது.

இந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. சின்னப் பாதையிலிருந்து பிரதான வீதிக்கு வருகிற வாகனம்தான் நின்று, வீதியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். நம்முடையது பெரிய வாகனம், எதிரே வருவது முச்சக்கரவண்டி, அவன் ஒதுங்குவான் என்பது சட்டத்தில் இல்லை. பெரியதைக் கண்டால் சின்னது ஒதுங்க வேண்டும் என்ற வழக்கம் நம் நாட்டு ரோட்டில் இருக்கிறது, மறுக்கவில்லை. பஸ்காரர்கள் அதை நன்றாகவே பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கத்தை நம்பி லொறியின் மூக்கை நீட்டினால், எதிரே வருகிறவனும் அதே வழக்கத்தை நம்பி வருகிற இன்னொரு பெரிய வாகனக்காரனாக இருக்கலாம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வேன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். பாரம் ஏற்றிய லொறி நின்ற இடத்திலிருந்து முதலாம் கியரில் எழும்பி, வால் பகுதியும் ரோட்டில் நேராகும் வரை 8 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 விநாடிக்குள் வேன் 136 மீற்றர் வந்துவிடும். நம்முடைய வாயிலிலிருந்து வளைவு வரை கண்ணுக்குத் தெரிவது 80 மீற்றர்தான் என்றால், நீங்கள் பார்த்தபோது ரோடு காலியாக இருந்தது உண்மை, பாதி ஏறும்போது வேன் முன்னால் நிற்பதும் உண்மை. இரண்டு டிரைவர்மாரும் பொய் சொல்லவில்லை. மழை பெய்து ரோடு நனைந்திருந்தால், அந்த வேன்காரர் கண்டு, காலை வைத்து, நிறுத்தி முடிக்க 60 மீற்றர் வரை வேண்டும். அதுவும் அவர் விழிப்பாக இருந்து, டயரும் நல்ல டயராக இருந்தால்தான்.

ஆகவே எந்த வாயிலில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அடியால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தெரிகிற வாயிலில் கண்ணை மட்டும் நம்பி ஏற முடியாது. கிளீனர் இறங்கி வளைவுப் பக்கம் போய் நிற்க வேண்டும். அவர் சாரதியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையால் காட்ட வேண்டும். பின்னாலிருந்து “ரைட், ரைட்” என்று கத்துவது சைகை அல்ல. கிளீனர் கண்ணில் படவில்லை என்றால் லொறி நகரக் கூடாது.

வலது பக்கம் திரும்புவதுதான் கஷ்டமானது. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், வலது கைப் பக்கமிருந்து வருகிற வரிசையைக் குறுக்கே கடந்து, இடது கைப் பக்கமிருந்து வருகிற வரிசையில் சேர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் காலியாக இருக்க வேண்டும். வலது பக்கம் காலி என்று பாதி ஏறிவிட்டு நடு ரோட்டில் நின்று இடது பக்கம் பார்த்தால், அந்த நேரம் லொறியின் வால் பாதி ரோட்டை மறித்துக்கொண்டு கிடக்கும். வலம் பார்த்து, இடம் பார்த்து, மறுபடியும் வலம் பார்த்த பிறகே கிளட்சை விடுங்கள். நீங்கள் இடப்பக்கம் பார்த்த அந்தச் சின்ன நேரத்துக்குள் வலப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருக்கும்.

இடது பக்கம் திரும்புவது லேசு என்று நினைக்கிறோம். அங்கேதான் நடந்து போகிறவர்கள் அடிபடுகிறார்கள். நீள வாகனம் திரும்பும்போது முன் சில்லு போன வழியில் பின் சில்லு போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் சாரதி முதலில் கொஞ்சம் வலப்பக்கம் அகலமாக எடுக்கிறார். பின்னால் வருகிற முச்சக்கரவண்டிக்காரர் லொறி வலப்பக்கம் போகிறது என்று எண்ணி இடது பக்க இடைவெளிக்குள் புகுந்துவிடுகிறார். ஆசனத்தில் இருந்து பார்த்தால் இடது கதவுக்குக் கீழே இருப்பது தெரியாது. முன் பம்பருக்குக் கிட்ட நிற்கும் சின்னப் பிள்ளையும் தெரியாது.

தாய்மாரே, இது உங்களுக்கு. பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பது எங்கே என்று பாருங்கள். பாதை ரோட்டில் சேரும் மூலையில், கானுக்கு இந்தப் பக்கம் நின்றால் பின் சில்லு வெட்டும் இடத்திலேயே நிற்கிறார்கள். மூலையை விட்டுத் தள்ளி, கானுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். லொறி திரும்பி முடியும் வரை யாரும் அதன் இடது பக்கமாக நடக்க வேண்டாம். சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகம் அவருக்கும் தெரியாது.

பெட்டியில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லொறி வாயிலில் நின்றவுடன் மேலே தட்டி “போங்க அண்ணே, போங்க” என்று அவசரப்படுத்துகிற பழக்கம் இருக்கிறது. ஏன் தட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர். அந்தக் கோபத்தைச் சாரதியின் தலைக்கு மேல் தட்டித் தீர்க்காதீர்கள். சங்கத்திடம் சொல்லுங்கள், துரையிடம் நாம் பேசுகிறோம்.

இனி லைட் விஷயம். எதிரே வருகிற வாகனம் பெரிய லைட்டை அடித்துக் காட்டினால் சிலர் “நமக்கு வழி தருகிறான்” என்று ஏறிவிடுகிறார்கள். நம் நாட்டு ரோட்டில் லைட் அடிப்பது அநேகமாக “நான் வருகிறேன், நில்” என்பதற்கே. வாகனம் உண்மையாகவே வேகம் குறைந்து நின்றால்தான் வழி கிடைத்தது என்று கொள்ள வேண்டும். பனி மூடியிருக்கும்போது பகலிலும் லைட்டைப் போட்டுக் கீழே இறக்கி வையுங்கள். கண்ணாடியை இறக்கி வைத்தால் காதும் உதவும். மலை ரோட்டில் பஸ்ஸின் ஹோர்ன் பஸ்ஸுக்கு முன்னால் வந்து சேரும்.

ட்ரெக்டர் ஓட்டுகிற தம்பிமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ட்ரெக்டரில் இடது பின் சில்லுக்கு ஒரு பிரேக் மிதி, வலது பின் சில்லுக்கு ஒரு பிரேக் மிதி. காட்டு வேலைக்குப் பிரித்து வைத்திருப்பீர்கள். ரோட்டில் ஏறுமுன் இரண்டையும் கொளுவி ஒன்றாக்க வேண்டும். கொளுவாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் ட்ரெக்டர் ஒரு பக்கம் இழுத்துப் புரளும். ட்ரெயிலர் கொளுவியில் சரியான ஆணி இருக்க வேண்டும், கம்பியைக் கட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றக் கூடாது. ரோட்டில் ஏறிய பிறகும் ட்ரெக்டருக்கு வேகம் வராது. பின்னால் ஐந்தாறு வாகனம் சேர்ந்துவிட்டால், அவர்கள் பொறுமை இழந்து வளைவில் முந்துவார்கள். அகலமான இடம் கண்டு ஒதுங்கி அவர்களைப் போகவிடுவது மானக்கேடு அல்ல.

ஏற்ற இறக்கத்தில் யாருக்கு வழி? ஏறுகிறவருக்கு. பாரத்தோடு ஏறுகிற வாகனத்தை நடு மேட்டில் நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது பின்னால் உருளும். ஆகையால் இறங்குகிறவர் நிற்க வேண்டும். ஆனால் ஏறி வருவது முச்சக்கரவண்டி, அதன் பக்கத்திலேயே ஒதுங்க இடம் இருக்கிறது, இறங்கி வருவது பாரமேற்றிய லொறி என்றால், லேசாக ஒதுங்கக் கூடியவர் ஒதுங்குவதே நியாயம். தோட்டத்து ஒற்றைப் பாதையில் பள்ளத்துப் பக்கம் இருப்பவரை அசையவிடாமல், மலைப் பக்கம் இருப்பவர் நகர்ந்தால் மண் சரிந்து ஆள் போகாது. இறங்குகிறவர் நிற்க வேண்டுமானால் நிற்கக் கூடிய வேகத்தில் வர வேண்டும் அல்லவா? டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுக்கொண்டு வருபவருக்கு வழிவிட ஆசை இருந்தாலும் முடியாது. ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய சாரதிமார் சொன்னது இன்றைக்கும் சரி. காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் மிதியைப் பம்ப் அடித்துக்கொண்டே வந்தால் டாங்கியில் காற்றுத் தீர்ந்துவிடும்.

இப்போது நம் பிள்ளைகள் பலர் கொழும்பில் லொறியும் கன்டேனரும் ஓட்டுகிறார்கள். 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து புது விதமான வாயில் வந்திருக்கிறது. தோட்டத்து வாயிலில் நின்று பார்த்து ஏற வேண்டும். அதிவேகப் பாதையில் சேரும்போது நிற்பதுதான் ஆபத்து. உள்ளே போகிற கிளைப் பாதை முடிவில் வேகம் கூட்டுவதற்கென்றே நீளமாக ஒரு ஒழுங்கை போட்டிருக்கிறார்கள். அதன் தொடக்கத்திலேயே வலது சிக்னலைப் போட்டு, கண்ணாடியில் இடைவெளியைத் தெரிந்தெடுத்து, ஒழுங்கை முழுவதையும் பாவித்து வேகத்தை ஏற்றிக்கொண்டு சேர வேண்டும். அங்கேயும் முதல் உரிமை உள்ளே ஓடிக்கொண்டிருப்பவருக்கே. பாரமான வாகனம் கார் மாதிரி சட்டென்று வேகம் எடுக்காது, ஆகவே காருக்குப் போதுமான இடைவெளி உங்களுக்குப் போதாது. சேர்ந்ததும் இடது ஒழுங்கையிலேயே இருங்கள். நீங்கள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சேர வருகிறார் என்றால், கொஞ்சம் வேகத்தைத் தளர்த்தி இடம் கொடுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் முன்கூட்டியே மாறுங்கள். உரிமை உங்களுடையதுதான், ஆனாலும் 20 தொன் வாகனத்தை வைத்துக்கொண்டு உரிமையை நிரூபித்துக் காட்டப் போவது யாரிடம்?

சரி, எல்லாவற்றையும் சாரதியின் தலையில் கட்டிவிட்டோமா? இல்லை. கொழுந்து பையில் கிடந்து சூடேறினால் சிவந்துபோகும், ஸ்டோருக்குக் கெதியாக வேண்டும் என்று நிர்வாகம் நெருக்குகிறது. அது தேயிலையின் தேவை என்பது நமக்கும் விளங்கும். அப்படியானால் நிறுவைக்கு முன்னதாக லொறியை அனுப்பட்டும், இன்னொரு லொறி போடட்டும். வாயிலில் நின்று பார்க்கிற இரண்டு நிமிடத்தைச் சாரதியிடமிருந்து பறிக்க வேண்டாம். கிளீனரைக் குறைத்துச் செலவைச் சேமிக்கிற தோட்டங்கள் இருக்கின்றன. கிளீனர் இல்லாத லொறிக்கு வளைவில் கண் இல்லை. பிரேக் பிழை என்று சாரதி சொன்னால் “இன்றைக்கு ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்” என்ற பதில் வருகிறது. அப்படிச் சொல்லப்பட்டால் வாயால் சொல்லி விடாதீர்கள். திகதியோடு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் வையுங்கள். விபத்து நடந்த பிறகு பொலிஸில் கேள்வி கேட்கப்படுவது சாரதியிடம்தான், துரையிடம் அல்ல.

வேலைக்கு ஏற்றிப் போகும் வழியில் காயப்பட்டவர்கள் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள், தோட்டத்து வைத்தியசாலைத் துண்டையும் கிழித்துப் போடாதீர்கள். வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு என்பது 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. வாய்ப் பேச்சோடு விட்டால் பிறகு வழக்காடுவது சிரமம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து பிரதான வீதியில் ஏறும் வாயில்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் எத்தனை அடி தெரிகிறது, இடப்பக்கம் எத்தனை அடி, எங்கே புல் வெட்ட வேண்டும், எங்கே குவிகண்ணாடி நட வேண்டும், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள். சாரதியையும் கூட்டிக்கொண்டு போய் அளவுங்கள். புல் வெட்டுவதைத் தோட்டத்திடமும், கண்ணாடியையும் பலகையையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்கும் கடிதங்களை அந்தத் தாளை வைத்துத்தான் எழுதப் போகிறோம்.