இரவில் விழித்திருப்பவர்கள்



லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் விழிப்பாயிருக்கும் பணியாளர்களைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். திருமண விருந்துக்குப் போன தலைவர் எந்நேரம் திரும்புவார் என்று தெரியாது. பணியாளர்கள் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு, கதவைத் திறக்க ஆயத்தமாகக் காத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம் இறுதி நாளையே நினைத்துக்கொள்கிறோம். இன்று, உண்மையாகவே இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்கிற ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம், பெயர் வேண்டாம்.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் அவர். ஞாயிறு காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வருவார். மறையுரை தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஒரு ஞாயிறன்று பீடத்திலிருந்தே நாம் சொன்னோம்: "இராத்திரி முழுக்க செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோயிலில் தூக்கம்தான் வரும்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மே மாதத்தில் அன்பியப் பொறுப்பாளர்களோடு வீடுகளைச் சந்திக்கப் போனோம். பகல் 11 மணி. அவருடைய தாயார் வாசலிலேயே எங்களை நிறுத்தி, "மெதுவாப் பேசுங்க சாமி, பையன் இப்பத்தான் கண் அசந்தான்" என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. வெளியே அக்கினி நட்சத்திர வெயில். மின்விசிறி அனல்காற்றை அள்ளி அவர்மேல் வீசிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சுச் சத்தத்தில் விழித்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எங்கே தம்பி வேலை?" என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கிறார். ஒப்பந்த வேலை. இரவு 10 மணிக்குப் போனால் காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடியும். அங்கிருந்து நேரே கோயிலுக்குத்தான் இத்தனை நாளும் வந்திருக்கிறார்.

நாம் செல்போனில் அனுப்பும் படமும், வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும் எங்கோ வானத்தில் மிதப்பதாக நினைக்கிறோம். அவை இத்தகைய கட்டடங்களுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் கணினிகளில் இருக்கின்றன. அந்தக் கணினிகள் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக வெளியே வருகிறது. அவற்றுக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வரையறை. குளிர்விப்பது நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே சூடு ஏறும். கணினிகள் தாமாகவே அணைந்துவிடும்.

"ஒரு சந்து மார்கழி, அடுத்த சந்து சித்திரை, ஃபாதர். ராத்திரி முழுக்க ரெண்டுக்கும் மாறி மாறி நடப்பேன்" என்றார் அவர். விசிறிகளின் இரைச்சல் காதை அடைக்கும். ஃபில்டரில் தூசி சேர்ந்திருக்கிறதா, தரைக்கு அடியில் ஓடும் குழாயில் கசிவு இருக்கிறதா, குளிர்விக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கு மணி அளவுகளைக் குறிக்க வேண்டும். "மீட்டர் காட்டறதுக்கு முன்னாடியே பம்ப் சத்தத்துல தெரிஞ்சிடும், ஃபாதர்." தேவைக்கு மேல் ஒரு இயந்திரம் எப்போதும் கூடுதலாக இருக்குமாம். அதைச் சும்மா நிறுத்தி வைக்காமல் முறைவைத்து ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால், வேண்டிய நேரத்தில் அது ஓடாது.

இந்த வேலையின் அருமை அது தவறும்போதுதான் தெரிகிறது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. லண்டனின் பெரிய மருத்துவமனைகளான கைஸ், செயின்ட் தாமஸ் இரண்டுக்கும் உரிய டேட்டா சென்டர்கள் அந்தச் சூட்டில் செயலிழந்தன. மருத்துவர்கள் பழையபடி பேனாவும் தாளும் எடுத்தார்கள். அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. எல்லாம் சீராக நடக்கும் இரவுகளிலோ, அங்கே ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

நம் செல்போன்கள் இயங்குவதற்காக விழித்திருந்தவரை, செல்போனைச் சொல்லியே நாம் கேலி செய்திருந்தோம். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "தெரியாமத்தானே சொன்னீங்க, ஃபாதர்" என்றார். தெரியாமல் பேசியதுதான் நம் தவறு. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் நம் மனத்தை உறுத்தியது. இயந்திரத்துக்கு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதைக் காப்பவரோ கொதிக்கும் கூரையின் கீழ் பகலில் புரண்டுகொண்டிருக்கிறார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளியின் நீதியான கூலிக்காகவும் ஓய்வுக்காகவும் பேசினார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, அவரை நினைத்தே தம் பெயரைத் தேர்ந்துகொண்டதாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவின் காலத்தில் மனித மாண்பையும் உழைப்பையும் காக்க வேண்டும் என்பதையும் அப்போது குறிப்பிட்டார். அந்தக் கவலை ரோமை நகரோடு நிற்கவில்லை. நம் தெருவிலும் அது உண்டு.

மீண்டும் நற்செய்திக்கு வருவோம். நள்ளிரவில் திரும்பிவரும் தலைவர் என்ன செய்கிறார்? விழித்திருந்த பணியாளர்களைப் பந்தியில் உட்காரவைக்கிறார். தாமே இடுப்பை வரிந்துகட்டிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறுகிறார். எந்த வீட்டிலும் நடக்காத காரியம் இது. விழித்திருப்பவரிடம் விழிப்பை மட்டும் எதிர்பார்க்கும் தலைவர் அல்ல நம் ஆண்டவர். அவர்களுடைய களைப்பை அறிந்தவர், அவர்களுக்குப் பணிவிடை செய்கிறவர்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? பங்குப் பேரவையில் பேசி, இரவுப் பணியாளர்களுக்காக ஞாயிறு மாலையில் ஒரு திருப்பலி சேர்த்திருக்கிறோம். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பதைப் பலர் அறியவில்லை, அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இரவு வேலை பார்ப்பவர் இருந்தால், பகலில் அந்த வீட்டருகே ஒலிபெருக்கி வேண்டாம். ஒப்பந்தக்காரராகவோ மேலாளராகவோ இருப்பவர்கள், உங்கள் ஆட்களுக்கு வார ஓய்வு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள். கோயிலில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், விசுவாசம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது மாலைத் திருப்பலிக்கு வருகிறார். சில வாரங்களில் அப்போதும் தூங்கிவிடுகிறார். நாம் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறோம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, நாங்கள் உறங்கும்போது எங்களுக்காக விழித்திருக்கும் எல்லாரையும் ஆசீர்வதியும். அவர்களுக்கு நல்ல உறக்கத்தையும் நீதியான கூலியையும் தாரும். அவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.