நோயாளியின் சொல்லும் நம் கடமையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில், வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் பலரும் எண்ணியது ஏர்வாடிப் பயணத்தையே. அவ்வூரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி, 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. இத்தகைய காப்பகங்களில் நோயாளிகளை விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர்; பெரும்பாலும் குடும்பத்தாரே. "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்ற சொல்லே அச்சங்கிலியின் முதல் கண்ணி என்பதை நாம் மறக்கலாகாது.

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. முடிவெடுக்கும் தகுதியை அறிய அது மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: சிகிச்சை பற்றிய விவரம் நோயாளிக்குப் புரிகிறதா? அதன் விளைவை அவர் உணர்கிறாரா? பேச்சாலோ சைகையாலோ தம் முடிவைத் தெரிவிக்க இயல்கிறதா? அவருடைய முடிவு நமக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனால் மட்டும் அவர் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். காய்ச்சல் வேகத்தில் குழம்பியவர் மறுநாள் தெளிவடையலாம். ஆகவே மீண்டும் கேட்பதே முறை.

இது மனநோய்க்கு மட்டும் உரியதன்று. பரிசோதனைக்காக மயக்க மருந்து தரப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, அவர் தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றிய வழக்கில், அச்சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? மருத்துவரிடம் மகன் பேசுகிறார். தந்தை வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, தாயாரின் அறுவை சிகிச்சையை முடிவு செய்கிறது. அன்பினால்தான் செய்கிறோம், எனினும் உடல் அவர்களுடையது.

எனவே, நோயாளியை உள்ளே அழைத்துச் செல்வோம். அவர் அறிந்த எளிய தமிழில் விளக்கக் கேட்போம். மனநலச் சிகிச்சையில் தமக்குத் துணைநிற்க வேண்டியவரை ஒவ்வொருவரும் வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ, கைநாட்டு வைத்தோ நியமிக்கலாம். இச்சட்டமே அதற்கு வழி தருகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணும் உள்ளது.

நாளை அப்பெஞ்சில் அமரப்போவோர் நாமே. அன்று நம்மிடம் கேட்கப்பட வேண்டும் என விரும்பினால், இன்று நம் பெரியோர்களிடம் கேட்போம்.