ஹார்மோன் மருந்து ஆகாத தாய்மார்களின் உடற்சூட்டுத் துன்பம்

(மகளிர் மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரை)

 

மகளிர் நலம் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். நம் இல்லங்களில் பலரும் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு துன்பத்தைப் பற்றியே பேச விழைகின்றேன். மாதவிடாய் நிற்கும் பருவத்தில், திடீரென மார்பிலிருந்து கழுத்திற்கும் முகத்திற்கும் சூடு பரவும், உடல் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடங்களில் குளிர் நடுக்கத்துடன் அடங்கும். இதனையே மருத்துவர்கள் 'ஹாட் ஃபிளாஷ்' என்பர். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி, சிறிதளவு சூடு கூடினாலும் பெருவெப்பம் வந்துவிட்டதாகக் கருதிச் செயல்படுவதே இதற்குக் காரணம். 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்துன்பம் அடிக்கடி வந்த பெண்களுள் பாதிப்பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தமை தெரியவந்தது. ஆகவே, "சில நாளில் சரியாகிவிடும்" என்று ஒதுக்கத்தக்கதன்று.

இதற்கு மிகுந்த பயன் தருவது ஈஸ்ட்ரோஜன் அடங்கிய ஹார்மோன் மருந்தே. ஆயினும் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக் கட்டு, பக்கவாதம் அல்லது மாரடைப்புக்கு ஆளானவர்கள், கடுமையான கல்லீரல் நோயுள்ளவர்கள் முதலியோருக்குப் பொதுவாக அது ஆகாது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் ஸ்வீடனில் நடைபெற்ற ஓர் ஆய்வில், ஹார்மோன் மருந்து உண்டவர்களுக்கு நோய் திரும்புவது மிகுதியாகக் காணப்பட்டது. அதனால் 2003 டிசம்பரில் அவ்வாய்வே நிறுத்தப்பட்டது.

இத்தாய்மார்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. நோய் திரும்பாதிருக்க அவர்களுள் பலருக்கு அளிக்கப்படும் தமாக்சிஃபென் மாத்திரையே உடற்சூட்டை உண்டாக்கும். இதனைத் தாங்கவியலாமல், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூறாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர். இது பேராபத்து. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைப் புற்றுநோயில், ஐந்தாண்டுகள் தமாக்சிஃபென் உண்பது, நோய் திரும்பும் வாய்ப்பை முதற் பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. இதனையும் 'ஹார்மோன் சிகிச்சை' என்றே மருத்துவமனையில் சொல்வர். ஆனால் இது ஈஸ்ட்ரோஜனைத் தரும் மருந்தன்று. மார்பகத்தில் அதன் செயலைத் தடுப்பது. பெயர் ஒற்றுமையால் குழம்பி இதனை நிறுத்திவிடலாகாது. நாளொன்றுக்கு ஒருமுறை உண்பதாயின், நோன்புக் காலத்தில் மருத்துவரிடம் கேட்டு ஸஹருக்கோ இஃப்தாருக்கோ நேரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

அவ்வாறாயின் வழி என்ன? ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் வென்லாஃபாக்சின், நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் உரிய காபாபென்டின், சிறுநீர்ப்பைக் கோளாறுக்குரிய ஆக்சிபியூட்டினின் ஆகியவை உடற்சூட்டையும் குறைப்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. "எனக்கென்ன மனநோயா?" என்று சீட்டைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் ஆகியவை தமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கும். எனவே பிறர் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி உண்ணாதீர்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் வெப்பப் பகுதியிலேயே செயல்படும் ஃபெசோலினெட்டன்ட் என்னும் மருந்துக்கு 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதனை உண்போர் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்தின்றியும் வழியுண்டு. சூடு எழும்போது மனத்தில் தோன்றும் அச்சத்தையும் நாணத்தையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் முறை, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் இலண்டனில் ஆராயப்பட்டு, 2012 இல் முடிவு வெளியானது. உடற்சூட்டின் தொல்லை அப்பெண்களுக்குக் குறைந்திருந்தது. உடற்பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைப்பதும் உதவும். விசிறி, பருத்தி ஆடை, குளிர்ந்த நீர் ஆகியவை அந்நேரத்திற்கு ஆறுதல் தரும். எத்தனை முறை சூடு வருகிறது என்பதை அவை குறைப்பதாகச் சான்றில்லை. சோயா, மூலிகைக் குளிகைகள் ஆகியவற்றுக்கும் போதிய சான்றில்லை. அவற்றுள் 'பிளாக் கோஹாஷ்' என்னும் மூலிகையை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது.

இரவு வியர்வையுடன் காய்ச்சல், உடல் மெலிவு, தொடர் இருமல் ஆகியவை இருப்பின் காசநோயாகவும் இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வியர்க்கும். ஆதலால் முதலில் பரிசோதனை அவசியம்.

இறுதியாக, ஆண் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயோ மனைவியோ அடுப்படியில் திடீரென வியர்த்து அமர்ந்தால், நள்ளிரவில் எழுந்து நடந்தால், சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்கையில் உடன் செல்லுங்கள். அவர் நாணத்தால் சொல்லத் தயங்குவாராயின், "இத்துன்பம் இருக்கிறது, ஹார்மோன் ஆகாது, வேறு மருந்து உண்டா?" என்று நீங்களே கேளுங்கள். அக்கேள்வி, அவர் தம் புற்றுநோய் மாத்திரையை இடையில் கைவிடாமல் காக்கக்கூடும்.