இரண்டாவது நாற்காலி

(கரையாம்புத்தூர் இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் கடைத்தெருவிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி! துணைக் குடியரசுத் தலைவர் என்று ஒருவரை 2025-இல் தேர்ந்தெடுத்தார்களே, அந்த வேலைக்கு முன் அனுபவம் வேண்டாமா? ஏரி மடையைத் திறந்து அடைக்கிறவனுக்கே நாலு மழைக்காலம் பார்த்த பழக்கம் வேண்டும் என்போமே!"

தேநீர் ஆறிப்போயிற்று. பேசுவதற்கென்று நான் எழுதி வந்த குறிப்பையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பெரியவர் கேட்டது, ஆண்டு நான்கு கல்லூரிப் பாடத்திலும் எனக்குக் கிடைக்காத கேள்வி. கிடைத்திருந்தால் பாதியிலே வெளியேறியிருக்கமாட்டேனோ, என்னவோ!

நல்ல கேள்விதான். ஆனால் அதை நாம் கேட்கும் முறை நல்ல முறைதானா? எதிரணியார் ஒருவரை நிறுத்தினால், "அனுபவம் உண்டா?" என்று முழங்குகிறோம். நம் அணியார் ஒருவரை நிறுத்தினால், "ஆற்றல் போதாதா?" என்று அடித்துப் பேசுகிறோம். அவர்களும் அப்படியே. ஒரே தராசு, தட்டை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். இன்று ஒருநாள், ஆளை மறந்துவிட்டு நாற்காலியைப் பார்ப்போம், வாருங்கள்.

அரசியல் சட்டம் அந்த இரண்டாவது நாற்காலிக்கு என்ன கேட்கிறது? 66-ஆவது பிரிவைப் புரட்டிப் பார்த்தேன். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி வேண்டும். அரசிடம் ஊதியம் பெறும் பதவியில் இருத்தலாகாது. அவ்வளவே! அனுபவம் என்ற சொல்லே அங்கில்லை. மறந்துவிட்டார்களா, மாமேதைகள்? மறக்கவில்லை. அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுப்போரிடம் விட்டுவைத்தனர். தேர்ந்தெடுப்போர் யார்? நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள். நம் புதுச்சேரிக்கு மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று, ஆக இரண்டே வாக்குகள்.

2025 செப்டம்பர் 9-ஆம் நாள் வாக்களித்தனர். நின்றவர் இருவர். ஒருவர் சி.பி.இராதாகிருஷ்ணன்; 1998, 1999 ஆண்டுகளில் கோவை மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவர்; பிறகு ஆளுநர்; 2024-இல் சில திங்கள் நம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். மற்றவர் சுதர்சன் ரெட்டி. உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். முன்னவருக்கு 452, பின்னவருக்கு 300. யாருக்கு நம் ஆதரவு என்பதை விடுங்கள். பெரியவரின் தராசைக் கையிலெடுங்கள். வாக்காளர் முன் கைகூப்பி நின்றது ஓர் அனுபவம். வழக்கின் இருபுறமும் கேட்டு நடுவில் அமர்ந்தது மற்றோர் அனுபவம். எது கனம்?

நாற்காலி என்ன வேலை வாங்கும் என்று தெரியாமல் இதற்கு விடை கூற இயலாது. நாள்தோறும் வாங்கும் வேலை மாநிலங்களவைத் தலைமை. என்றோ ஒருநாள் வாங்கும் வேலை வேறு. முதல் நாற்காலி திடீரென்று காலியாகும், "வா, வந்து அமர்!" என்று நாடு அழைக்கும். அன்றுதான் பெரியவர் சொன்ன மடை, வெள்ளத்தோடு வந்து நிற்கும்.

அப்படி வந்து நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன். அந்த மனிதரை உங்களில் மூத்தோர் கண்டிருக்கவும் கூடும். பசப்ப தனப்ப ஜாட்டி! 1968 முதல் 1972 வரை நம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தவர். எங்கே தொடங்கினார் தெரியுமா? கன்னட நாட்டு ஜம்கண்டி என்னும் சிற்றூரின் நகராட்சியில்! தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வருவோர்க்கு விடைசொல்லும் இடத்தில்! அங்கிருந்து படிப்படியாக ஏறி 1958 முதல் 1962 வரை மைசூர் முதலமைச்சர். பின்னர் நம்மிடம், அதற்குப் பின்னர் ஒரிசா ஆளுநர், 1974-இல் துணைக் குடியரசுத் தலைவர்.

1977 பிப்ரவரி 11. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது மறைந்தார். நெருக்கடி நிலையின் இருள் முற்றும் விலகாத நேரம்; தேர்தல் முரசு முழங்கும் நேரம். ஜாட்டி முதல் நாற்காலியில் அமர்ந்தார். மார்ச்சில் மக்கள் தீர்ப்பு! இந்திரா அம்மையார் தோற்றார். மார்ச் 24-இல் மொரார்ஜி தேசாய் பிரதமரானார். எந்தக் கட்சியில் ஜாட்டி வளர்ந்தாரோ, அந்தக் கட்சியை வீழ்த்தியவர்களுக்கு அவரே உறுதிமொழி செய்வித்தார். முகம் கோணவில்லை, முறை தவறவில்லை.

ஆனால் ஏப்ரல் கடைசியில், புதிய அரசு ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கும் ஆணையை நீட்டியது. கையெழுத்திடத் தயங்கினார் ஜாட்டி. ஓர் இரவு கழிந்தது, தலைநகரம் தவித்தது, ஏப்ரல் 30-இல் கையெழுத்திட்டார். "பழைய கட்சிப் பாசம்!" என்று பழித்தவர் உண்டு. "மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களைக் கலைக்க ஓர் இரவேனும் யோசிக்கக்கூடாதா?" என்று பரிந்தவரும் உண்டு. என் கருத்து யாதெனில், தயங்கியதில் தவறில்லை. கலைக்கப்படுகிறவனின் வலி, நகராட்சியில் அமர்ந்திருந்த மனிதனுக்குக் கொஞ்சமேனும் தெரிந்திருக்கும். நீங்கள் மாறுபடலாம், கூட்டம் முடிந்தபின் வாருங்கள், வாதிடுவோம்.

கடல் கடந்தும் இதே வழக்குண்டு. அமெரிக்காவில் தலைவர் வேட்பாளரும் துணைத் தலைவர் வேட்பாளரும் இரட்டை மாடு பூட்டிய வண்டிபோல் சேர்ந்தே வாக்குக் கேட்பார்கள். 2008-இல் மெக்கெயின் என்பார், வயது 72, தம் துணையாகச் சாரா பாலின் அம்மையாரை அறிவித்தார். வாசில்லா என்னும் சிற்றூரின் மேயராக ஆறாண்டு; அலாஸ்காவின் ஆளுநராக இரண்டாண்டுகூட நிறையவில்லை. "போதுமா இந்த அனுபவம்?" என்று நாடே கேட்டது. எதிரணியிலே தலைவர் பதவிக்கே நின்ற ஒபாமா, செனட்டில் நுழைந்து நான்காண்டும் ஆகாதவர்! அவருக்குத் துணையாகப் பல்லாண்டு செனட்டர் பைடன். வண்டியின் முன்மாடு இளசா, பின்மாடு இளசா என்ற வழக்கிலே மக்கள் பின்னதையே விரும்பவில்லை என்று சிலர் எழுதினர். அவ்வளவு எளிதாக நான் சொல்லமாட்டேன். பொருளாதாரம் சரிந்த ஆண்டு அது.

ஆனால் ட்ரூமன் கதையை எளிதில் விடமாட்டேன். துணைத் தலைவராகி 82 நாளே ஆன நிலையில், 1945 ஏப்ரல் 12-இல் ரூசுவெல்ட் மறைந்தார். பத்தாண்டு செனட் அனுபவம் உள்ளவர்தான் ட்ரூமன். ஆயினும் அணுகுண்டு உருவாவதை அவருக்குத் தலைவர் சொல்லவேயில்லை! இருபதாண்டு பழுத்தவராயினும், கதவைச் சாத்திவைத்தால் என்ன தெரியும்? குற்றம் இரண்டாவது நாற்காலியினுடையதா?

இவ்விடத்தில் நாடகக்காரன் ஒரு வார்த்தை கூற அனுமதியுங்கள். வில்லியனூர்ப் பக்கத்து ஊரொன்றில் என் நாடகம். அரச வேடக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படுதா இழுக்கும் பையனுக்கு வசனம் முழுதும் மனப்பாடம். நாற்பது இரவு கேட்டவன். முடிசூட்டி மேடையேற்றினோம். ஒரு சொல் பிசகவில்லை! ஆனால் மக்கள் சிரித்தபோது அவன் நிறுத்தவில்லை. சிரிப்பொலியிலே நான்கு வரி மூழ்கிற்று. பின்னாலிருந்து பார்த்தவனுக்கு வசனம் வரும். எங்கே நிறுத்தவேண்டும் என்பது, மக்கள் முகத்தை எதிரே பார்த்தவனுக்கே வரும். மறுநாள் அவனையே மீண்டும் ஏற்றினோம். நிறுத்தினான்!

நம் மண்ணிலும் அப்படியொரு மறுநாள் உண்டு. 1967 ஏப்ரலில் பரூக் மரைக்காயர் புதுச்சேரியின் முதலமைச்சரானபோது வயது 29. "பால்மணம் மாறாதவர்" என்று பரிகசிக்க வசதியான வயது. 1968 மார்ச்சில் அந்த ஆட்சி முடிந்தது, ஓராண்டுகூட இல்லை. ஆனால் 1969-இல் மீண்டும் வந்தார். 1974 தொடக்கம் வரை நின்றார். அவர் முதல்வர், மாளிகையிலே ஜம்கண்டி நகராட்சிக்காரர் ஜாட்டி!

தோழர்களே! இனித்தான் பெரியவருக்கு நான் கூறவேண்டிய விடை இருக்கிறது. அனுபவம் வேண்டும் என்கிறோம். எங்கே விற்கிறது அது? ஜாட்டிக்கு ஒரு நகராட்சி கிடைத்தது. பாலினுக்கு ஒரு வாசில்லா கிடைத்தது. கரையாம்புத்தூர் இளைஞனுக்கு என்ன கிடைத்தது?

1880-இல் பிரெஞ்சுக்காரன் இங்கே கொம்யூன் மன்றங்களை அமைத்தான். அவன் நோக்கத்தைப் புகழ வரவில்லை நான். ஆனால் 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடி, இம்மண் இந்தியாவோடு இணைவதா என்று முடிவுசெய்த 178 பேர் யார்? சட்டமன்ற உறுப்பினரும் கொம்யூன் மன்ற உறுப்பினருமே! 170 பேர் இணைவோம் என்றனர். 8 பேர் மறுத்தனர். குளத்துக்கும் தெருவுக்கும் கணக்குப் பார்த்த கைகள், ஒரு நாட்டின் எல்லையையே திருத்தி எழுதின.

அந்த மன்றங்களுக்கு விடுதலைக்குப் பின் நேர்ந்தது என்ன? 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது? 2006! முப்பத்தெட்டு ஆண்டுகள்! பிறந்த குழந்தை பெற்றோராகி, தன் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பிவிட்ட காலம். 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தார்கள். அறிவித்த வேகத்தில் நின்றுபோயிற்று. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் என்று கொம்யூன் அலுவலகங்கள் நிற்கின்றன. அதிகாரிகள் அமர்ந்தனர், மாறினர், மீண்டும் அமர்ந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்தவனுக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் நாற்காலியில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, "நீ பாஸ் செய்தாயா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதில் எல்லாக் கட்சிக்கும் பங்குண்டு. அந்த முப்பத்தெட்டு ஆண்டில் இங்கு ஆளாத அணி எது? நம்மவர் சிலருக்கும் கொம்யூன் தேர்தல் என்றால் கசப்பு. தெருவிலே ஒரு புதிய தலைவன் முளைத்துவிடுவானே என்ற அச்சம். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். பின்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்களே நம் தங்கைகள், அவர்கள் ஐந்தாண்டு ஒரு கொம்யூனைக் கட்டி ஆண்டுவிட்டால், பிறகு எந்த நாற்காலிக்கு நிறுத்தினாலும் "அனுபவம் உண்டா?" என்று கேட்பவனுக்கு அவர்களே கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டுவார்கள்.

மேடையின் ஓரத்தில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. கொம்யூன், கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தேர்தல் நடத்துக என்று அரசைக் கேட்கும் மனு. முதல் கையெழுத்து தேநீர்க்கடைப் பெரியவருடையது. உரை தொடங்குமுன்பே இட்டுவிட்டார். கீழே இன்னும் இடமிருக்கிறது. தாய்மார்கள் முதலில் வாருங்கள். இளைஞர்கள் அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள். பேனா இரண்டுதான் இருக்கின்றன. கூட்டத்தில் யாரிடமேனும் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.